குறிகளுக்குக் கூப்பிடு பெயர்கள்: தொலைபேசியில் கட்டளை சொல்பவரின் அனுபவம்

கணினிக் கட்டளைகளைத் தொலைபேசியில் வாயால் சொல்லி, எதிர்முனையில் இருப்பவரைத் தட்டச்சு செய்ய வைப்பது என் வேலையின் பெரும்பகுதி. ஊருக்கு வெளியே ஏதோ ஒரு கட்டடத்தில் சர்வர் ஒன்று இணைய இணைப்பு அறுந்து நிற்கும். அதன் முன்னால் விசைப்பலகையோடு ஓர் இளைஞர் உட்கார்ந்திருப்பார். அவருடைய திரை எனக்குத் தெரியாது, என் மனத்திலிருக்கும் கட்டளை அவருக்குத் தெரியாது. இந்த வேலையில் எழுத்துகளும் எண்களும் பெரிய தொல்லை தருவதில்லை. ஆங்கில எழுத்தில் ஐயம் வந்தால் ஓர் ஊர்ப் பெயரைச் சொல்லித் தெளிவுபடுத்திவிடலாம். தொல்லை முழுவதும் குறிகளில்தான் இருக்கிறது. கணினியின் அடிப்படை எழுத்துத் தொகுப்பான ஆஸ்கி வரிசையில் எழுத்தும் எண்ணும் வெற்றிடமும் நீங்கலாக 32 குறிகள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றின் பெயரைப் பள்ளியிலோ கல்லூரியிலோ யாரும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை. ஆகவே ஒவ்வொருவரும் தாமாக ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இருவர் பிடித்த பெயர்கள் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயம் ஏதுமில்லை.

இதற்கு நான் அடிக்கடி சொல்லும் எடுத்துக்காட்டு 'டேஷ்'. கட்டளை ஒன்றில் நடுக்கோடு வரும் இடத்தில் "டேஷ் போடுங்க தம்பி" என்று சொன்னால், நம் ஊர்ப் பள்ளியில் படித்தவர்களில் கணிசமானோர் அடிக்கோட்டைத்தான் போடுகிறார்கள். அதில் அவர்கள் தவறு எதுவும் இல்லை. 'கோடிட்ட இடங்களை நிரப்புக' என்ற வினாவை வகுப்பில் ஆசிரியர் வாசிக்கும்போது, அந்த நீண்ட அடிக்கோட்டை 'டேஷ்' என்றுதான் வாசிப்பார். "இந்தியாவின் தலைநகரம் டேஷ்" என்பது எல்லோருடைய காதிலும் பதிந்திருக்கும் ஒலி. கணிதத்தில் நுண்கணிதம் தொடங்கியதும் அதே சொல் எழுத்தின் தலைமேல் வரும் சிறு கீற்றுக்கும் பெயராகிறது; 'எஃப் டேஷ்' என்று சொல்லாத கணித மாணவர் இங்கே அரிது. ஒரே சொல் அடியில் ஒரு கோடு, நடுவில் ஒரு கோடு, தலையில் ஒரு கீற்று என்று மூன்று இடங்களுக்குப் பொருந்தும்போது, தொலைபேசியில் அதை நம்பிப் பயன்படுத்துவது ஆபத்து. எங்கள் குழுவில் அந்தச் சொல்லையே விலக்கிவிட்டோம். நடுக்கோடு எப்போதும் 'மைனஸ்'.

அதற்காக நம் ஊர்ப் பெயர்கள் எல்லாம் மோசம் என்று நான் சொல்லமாட்டேன். நெளிவான அடைப்புக்குறியை நாம் 'ஃப்ளவர் பிராக்கெட்' என்கிறோம். வெளிநாட்டு நிரலாளர்களிடம் பேசும்போது அவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்காது. ஆனால் ஒரு முறை கேட்டவர் மறக்கமாட்டார், வேறெந்த அடைப்புக்குறியோடும் குழப்பிக்கொள்ளவும் மாட்டார். வீட்டு எண்ணில் வரும் சாய்கோட்டை 'பை' என்று சொல்வதும் அப்படித்தான். 'பன்னிரண்டு பை மூன்று' என்றால் அஞ்சல்காரர் முதல் ஆட்டோ ஓட்டுநர் வரை எல்லோருக்கும் விளங்கும். மின்னஞ்சல் முகவரியில் வரும் @ குறியை நாம் 'அட் தி ரேட்' என்று நீட்டிச் சொல்வதைப் பலர் குறை கூறுகிறார்கள். கடைக் கணக்கில் ஒரு பொருளின் அளவுக்கும் விலைக்கும் நடுவே இந்தக் குறியைப் போட்டு 'இன்ன விலை வீதம்' என்று பொருள்கொண்ட பழைய வழக்கத்தின் மிச்சம் அது. ஆனால் தொலைபேசியில் வெறும் 'அட்' என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் எட்டு என்ற எண்ணை அழுத்துவார்கள். ஆங்கில எண்ணும் சரி, தமிழ் எண்ணும் சரி, இரண்டுமே அதற்கு மிக நெருங்கிய ஒலிகள். நீளமே அந்தப் பெயருக்குக் காவலாக இருந்து வந்திருக்கிறது என்பது என் கருத்து.

குறிகளுக்குச் சிறிய, விளையாட்டான பெயர்களை வைக்கும் பழக்கம் கணினித் துறையில் ஆழமாக வேரூன்றியது. உணர்ச்சிக் குறிக்கு 'பேங்' என்றும், நட்சத்திரக் குறிக்கு 'ஸ்ப்ளாட்' என்றும் பெயர்கள் வழங்கின. பழைய அச்சுப்பொறிகள் அச்சிட்ட நட்சத்திரக் குறி நசுக்கப்பட்ட பூச்சியைப் போல இருந்ததால் இரண்டாவது பெயர் வந்தது என்று சொல்வார்கள். யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தில் ஓடிய கணினிகள் தொலைபேசிக் கம்பி வழியாக ஒன்றுக்கொன்று அஞ்சல் கடத்திய காலத்தில், கடிதம் எந்தெந்தக் கணினிகளைத் தாண்டிச் செல்லவேண்டும் என்பதை உணர்ச்சிக் குறியால் பிரித்து எழுதினார்கள். அந்த முகவரிக்கே 'பேங் பாதை' என்று பெயர். நிரல் கோப்பின் முதல் வரியில் வரும் #! என்ற இணைக்கு 'ஷெபேங்' என்ற பெயர் இன்றும் வழக்கில் இருக்கிறது. பிரிட்டனில் அதே உணர்ச்சிக் குறியை 'ப்ளிங்' என்றார்கள். கணிதக்காரர்கள் தொடர்பெருக்கத்தைப் படிக்கும்போது 'ஷ்ரீக்', அதாவது கிறீச்சிடல், என்றார்கள். 1972-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களான டான் வுட்ஸும் ஜேம்ஸ் லயனும் வேடிக்கைக்காக உருவாக்கிய இன்டர்கால் என்னும் நிரல்மொழியின் கையேட்டில், ஏறக்குறைய எல்லாக் குறிகளுக்கும் புதுப் பெயர் சூட்டியிருந்தார்கள்: இரட்டை மேற்கோளுக்கு முயல் காது, நடுக்கோட்டுக்குப் புழு, அடிக்கோட்டுக்குத் தட்டைப்புழு, @ குறிக்கு நீர்ச்சுழல், கூரை போன்ற குறிக்குச் சுறா. வேடிக்கைக்காகச் செய்யப்பட்டவை என்றாலும், அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் குறியின் உருவத்தைக் கண்முன் நிறுத்துகின்றன. சொல்லைக் கேட்டதும் உருவம் மனத்தில் எழவேண்டும் என்பதே எனக்கு வேண்டியிருந்ததும்.

இதே தேவையை வேடிக்கையாக எண்ணாமல் முறைப்படி அணுகிய முயற்சியும் உண்டு. ஹூன் என்னும் நிரல்மொழியில் ஒவ்வொரு குறிக்கும் ஓரசைப் பெயர் விதிக்கப்பட்டிருக்கிறது. உணர்ச்சிக் குறி 'ஸேப்', வினாக்குறி 'வட்', நட்சத்திரம் 'டார்', | என்னும் நேர்கோடு 'பார்', சமக்குறி 'டிஸ்'. இரண்டு குறிகள் சேர்ந்து வந்தால் பெயர்களையும் சேர்த்து 'பார்டிஸ்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அதில் என்னை மிகவும் கவர்ந்தது வெற்றிடத்துக்கும் பெயர் வைத்திருப்பது: ஒற்றை இடைவெளி 'ஏஸ்', அதைவிடப் பெரியது 'கேப்'. ஆனால் திறக்கும் அடைப்புக்கும் மூடும் அடைப்புக்கும் 'செல்', 'செர்' என்று கடைசி மெய்யை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். ஒரே அறையில் உட்கார்ந்து பேசுபவர்களுக்கு அது போதும். மின்விசிறி ஓடும் அறையிலிருந்து தொலைபேசியில் கேட்பவருக்குப் போதாது.

நாங்கள் எங்களுக்கென்று ஒரு பெயர்ப் பட்டியல் செய்ய உட்கார்ந்தபோது, முதலில் நினைவுக்கு வந்தது தமிழ் வகுப்பில் எழுத்துகளைச் சொல்லும் முறை. 'மூன்று சுழி ண', 'இரண்டு சுழி ன', 'பெரிய ற', 'சின்ன ர' என்று சொல்லி எழுதவைப்பது நமக்குப் பிறவிப் பழக்கம் போல ஆகிவிட்டது. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, சங்கிலிக் கொம்பு, துணைக்கால் என்று உயிர்க்குறிகளுக்கு நம் முன்னோர் வைத்த பெயர்கள் எல்லாம் வடிவத்தைப் பார்த்து வைத்தவை. குழந்தை ஒரு முறை கேட்டாலே பிடித்துக்கொள்ளும் பெயர்கள். எழுதும் உருவத்தை வாயால் சொல்லி மற்றவர் கைக்குக் கடத்தும் கலை தமிழில் வெகுநாளாகவே இருக்கிறது. அதை விசைப்பலகை வரை நீட்டுவதுதான் எங்கள் வேலை என்று நான் நினைத்தேன், இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

பெயர்கள் வேகமாக வந்தன. அடிக்கோடு 'தரை'. நேர்கோடு 'தூண்'. எண் ஆறின் மேல் இருக்கும் குறி 'கூரை'. டில்டா (~) 'அலை'. @ குறி 'சுழி'. நெளிவு அடைப்பு 'பூ', சதுர அடைப்பு 'பெட்டி', வளைந்த அடைப்பு 'பிறை'. இவற்றோடு 'திற', 'மூடு' என்பவற்றைச் சேர்த்துக்கொண்டால் 'பூ திற', 'பூ மூடு' என்று நான்கு நொடிச் சொற்றொடர் அரை நொடியில் முடிகிறது. இடது, வலது என்று சொல்வதைவிடத் திற, மூடு என்று சொல்வது மேல் என்பதையும் விரைவில் கண்டுகொண்டோம். பதற்றத்தில் இருப்பவருக்கு இடம் வலம் தடுமாறும், திறப்பதும் மூடுவதும் தடுமாறாது.

சாய்கோடுகள்தான் நீண்ட விவாதத்துக்கு உள்ளாயின. முன்சாய்வு, பின்சாய்வு என்று சொன்னால் எது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் நூற்றுக்கு ஐம்பது பேருக்கு ஐயம். ஆங்கிலத்திலும் அதே கதைதான். தமிழை எழுதுவது போல இடமிருந்து வலமாக விரலை ஓட்டிப் பார்த்தால், ஒன்று மேலே ஏறுகிறது, மற்றொன்று கீழே இறங்குகிறது. எனவே / என்பது ஏற்றம், \ என்பது இறக்கம். முதலில் 'ஏறு' என்று சுருக்கமாகவே வைக்கலாம் என்றார் ஒருவர். சொல்லிப் பார்த்ததும் சிக்கல் புரிந்தது: ஏறு, ஆறு, ஏழு மூன்றும் தொலைபேசியில் ஒன்றுபோல் ஒலிக்கின்றன, கட்டளைகளிலோ எண்கள் நிறைய வருகின்றன. சொல் சற்று நீண்டாலும் பரவாயில்லை என்று 'ஏற்றம்' நிலைத்தது. குறிக்குப் பெயர் வைக்கும்போது மற்றக் குறிகளின் பெயர்களோடு மட்டும் ஒப்பிட்டால் போதாது. பத்து எண்களோடும், 26 ஆங்கில எழுத்துகளின் பெயர்களோடும் ஒப்பிட வேண்டும். 'பி', 'டி', 'சி' என்று ஆங்கில எழுத்துகளில் பல ஒரே ஈற்று ஒலி கொண்டவை என்பதால், 'ஈ' ஒலியில் முடியும் எந்தப் பெயரையும் நாங்கள் குறிக்கு வைப்பதில்லை. 'சுழி', 'பெட்டி', அரைப்புள்ளிக்கு வைத்த 'செமி' ஆகியவை மட்டும் இரண்டசையாக இருப்பதால் விதிவிலக்கு.

அந்தச் 'செமி' வந்த கதையும் சொல்லத் தக்கதே. தமிழில் காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி என்று எவ்வளவு அழகான வரிசை இருக்கிறது! கால், அரை, முக்கால் என்று எடுத்துக்கொண்டால் மூன்றுக்கும் தனித்தனியே பெயர் தேடவே வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இதுவே. ஆனால் இரைச்சலான இணைப்பில் 'முக்கால்' என்பதன் முதல் பகுதி விழுந்துபோய்க் 'கால்' மட்டும் கேட்கிறது; 'அரை' என்பது 'தரை' என்பதோடு எதுகை போலப் பொருந்தி அடிக்கோடாக மாறிவிடுகிறது. செய்யுளில் இனிக்கும் எதுகை இங்கே பகை. கடைசியில் 'முக்கால்' மட்டும் எஞ்சி நின்றது; மற்ற இரண்டும் 'கமா', 'செமி' ஆயின.

இன்னொரு யோசனை இதைவிட நயமானது. & என்பது 'மேலும்' என்று பொருள்படும் குறியாதலால், தமிழின் 'உம்' என்ற இடைச்சொல்லையே அதற்குப் பெயராக வைக்கலாம் என்று ஓர் அம்மையார் சொன்னார். பொருளும் பொருந்துகிறது, ஓரசையும் ஆகிறது. ஆனால் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருப்பவர் 'ம்', 'ம்' என்று ஒலி எழுப்பித்தான் தாம் கேட்பதைத் தெரிவிக்கிறார். சொல்லப்பட்டதைத் திருப்பிச் சொல்லும் நேரத்தில் அந்த ஒலியும் இந்தப் பெயரும் பிரிக்க முடியாமல் கலந்துவிடும். மனமில்லாமல்தான் அதைக் கைவிட்டோம். உணர்ச்சிக் குறிக்கு 'ஐயோ' என்ற பெயரும் அதே வகையில் போயிற்று. சர்வர் நின்றுபோன நேரத்தில் அந்தச் சொல்லைக் கேட்கும் இளைஞர் கையை எடுத்துவிடுகிறார். 'பேங்' அங்கே தொடர்கிறது.

எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த பெயரை மாற்றக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். நட்சத்திரத்துக்கு 'மீன்' என்று வைக்கலாமே, விண்மீன் அல்லவா என்றார்கள். கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் கைப்பேசியில் இருப்புத் தொகை பார்த்த ஒவ்வொருவருக்கும் 'ஸ்டார்', 'ஹேஷ்' என்ற இரண்டும் தெரியும். தெரிந்ததை எடுத்துவிட்டுப் புதியதைப் புகுத்தினால் கேட்பவர் ஒரு நொடி மனத்தில் மொழிபெயர்க்க வேண்டியிருக்கும், அந்த ஒரு நொடியில்தான் பிழை நுழைகிறது. ப்ளஸ், டாலர், பர்சன்ட், டாட் ஆகியவற்றையும் தொடவில்லை. ஹேஷைப் பொறுத்தவரை வெளிநாட்டு அலுவலகங்களோடு பேசுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அமெரிக்கர்கள் அதைப் 'பவுண்ட்' என்பார்கள்; பிரிட்டன் விசைப்பலகையிலோ எண் மூன்றின் மேல் அவர்களுடைய பவுண்டு நாணயக் குறியே இருக்கும்.

டில்டாவுக்கு 'வீடு' என்று பெயர் வைக்கவேண்டும் என்று சிலர் வற்புறுத்தினார்கள். யூனிக்ஸில் அந்தக் குறி பயனரின் இல்ல அடைவை, அதாவது அவருடைய கோப்புகள் இருக்கும் கோப்புறையைக் குறிக்கிறது. லியர் சீக்லர் நிறுவனத்தின் ஏடிஎம்-3ஏ (ADM-3A) என்னும் பழைய கணினி முனையத்தில் டில்டா இருந்த விசையிலேயே 'ஹோம்' என்று பொறித்திருந்ததால் அந்தப் பொருள் வந்தது என்பார்கள். 'வீடு ஏற்றம்' என்று பாதையைத் தொடங்குவது சொல்லவும் இனிது. எனினும் அதே குறி வேறு நிரல்மொழிகளில் வேறு வேலை செய்கிறது; அங்கே 'வீடு' என்றால் கேட்பவர் எதையோ தேடிப் போய்விடுவார். பயனைப் பார்த்து வைத்த பெயர் அந்தப் பயன் உள்ள இடத்தில் மட்டும் செல்லும். உருவத்தைப் பார்த்து வைத்த பெயர் எங்கும் செல்லும். ஆகவே 'அலை'.

எங்கள் குழுவில் நிரல் எழுதும் பார்வையற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். இந்தப் பட்டியலில் அவர் சொல்லுக்குத்தான் நான் அதிக மதிப்புத் தருகிறேன், ஏனென்றால் நாங்கள் எப்போதாவது செய்வதை அவர் நாள் முழுவதும் செய்கிறார்: குறிகள் அனைத்தையும் காதால் படிக்கிறார். அவர் பயன்படுத்தும் என்விடிஏ என்னும் திரைவாசிப்பான் இலவசமாகக் கிடைப்பது, 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பட்டது. அதன் ஆங்கிலப் பட்டியலில் உணர்ச்சிக் குறி 'பேங்' என்றும், அரைப்புள்ளி 'செமி' என்றும், அடிக்கோடு 'லைன்' என்றும், ஒற்றை மேற்கோள் 'டிக்' என்றும் வாசிக்கப்படுகின்றன. விளையாட்டாகப் பிறந்த பெயர் ஒருவருடைய அன்றாட வாழ்வாதாரத்தின் கருவியாக நிற்பதை அங்கே கண்டேன். அடைப்புக்குறிகளுக்கு மட்டும் 'லெஃப்ட் பேரன்', 'ரைட் பேரன்' என்று நீண்ட பெயர்கள் வருவதால், நூறு அடைப்புகள் உள்ள பக்கத்தைக் கேட்பது அயர்ச்சி தரும் என்றார். அதன் அமைப்புகளில் குறி உச்சரிப்புக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. ஒவ்வொரு குறிக்கும் நாம் விரும்பும் சொல்லை எழுதிக்கொள்ளலாம், எந்த அளவு நிறுத்தற்குறி வாசிப்பில் அது ஒலிக்கவேண்டும் என்பதையும் குறிப்பிடலாம். என்விடிஏ விசையோடு பி (P) விசையை அழுத்தினால் அந்த அளவு மாறிக்கொண்டே வரும். கட்டுரை படிக்கும்போது குறைத்தும் நிரல் படிக்கும்போது கூட்டியும் வைத்துக்கொள்கிறார். 'பூ', 'பிறை' ஆகியவற்றை அவர் அதில் ஏற்றிக்கொண்டார். ஆங்கிலக் குரலைப் பயன்படுத்துவோர் இந்தப் பெயர்களை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து எழுதவேண்டும். தமிழ் எழுத்தில் எழுதினால் அந்தக் குரல் சரிவர வாசிக்காது.

இனி இடைவெளி. பெயரில்லாத குறிகளிலேயே மிகக் கொடியது அதுதான். யூனிக்ஸில் கோப்பு அழிக்கும் ஆர்எம் கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளியும் ஏற்றமும் ஒட்டியிருந்தால், இப்போது நிற்கும் அடைவுக்குள் இருக்கும் ஒன்றைக் குறிக்கும். அவற்றின் நடுவே ஓர் இடைவெளி விழுந்துவிட்டால், ஏற்றத்திலிருந்து தொடங்குவது வட்டின் வேரிலிருந்து புறப்படும் வேறொரு பாதையாகிவிடும். சொல்பவர் மூச்சு வாங்க நிறுத்தியதைக் கேட்பவர் இடைவெளி என்று எடுத்துக்கொள்வது மிக இயல்பு. எனவே எங்கள் வழக்கில் மௌனத்துக்குப் பொருள் கிடையாது. இடைவெளி வேண்டுமென்றால் 'ஸ்பேஸ்' என்று சொல்லியே ஆகவேண்டும், சொல்லாவிட்டால் எல்லாம் ஒட்டித்தான் எழுதப்படும். 'எண்டர்' என்பதும் அப்படியே. கட்டளை முடிந்ததும் எதிர்முனையில் இருப்பவர் முதலிலிருந்து கடைசி வரை குறிப்பெயர்களோடு திருப்பிப் படிக்கவேண்டும். அவர் படிப்பதைக் கேட்டு நான் தாளில் புதிதாக எழுதுவேன். என் கையில் எழுந்ததும் மனத்திலிருந்ததும் ஒன்றாக இருந்தால் மட்டுமே 'எண்டர்' என்ற சொல் என் வாயிலிருந்து வரும். அழிக்கும் கட்டளைக்கு முன்னால், அதே பாதையைப் பட்டியலிட்டுக் காட்டும் கட்டளையை முதலில் ஓட்டச் சொல்வேன்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் இத்தனை பாடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இணைப்பு இருக்கும்போது அனுப்பலாம்தான். ஆனால் கைப்பேசி விசைப்பலகைகளும் ஆவண எழுதிகளும் நேரான மேற்கோளை வளைந்த மேற்கோளாகவும், இரண்டு மைனஸ்களை ஒரே நீண்ட கோடாகவும் தாமாகவே மாற்றிவிடுவதுண்டு. கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும் அந்தக் குறிகளை, நாம் தட்டும் கட்டளையை வாங்கி இயக்கும் ஷெல் வேறு எழுத்துகளாகவே எடுத்துக்கொள்ளும். வாயால் 'மைனஸ் மைனஸ்' என்று சொன்னால் அந்தத் தொல்லை இல்லை. எஸ்கேப் விசைக்குக் கீழே ஒதுங்கியிருக்கும் பின்சாய்ந்த ஒற்றைக் கீற்றுக்கு (`), உருவத்தைவிட இடத்தை வைத்து 'மூலை' என்று பெயரிட்டோம். அதை மேற்கோளோடு குழப்பாமல் இருக்க, கண் அந்த மூலைக்குப் போனால் போதும்.

உங்கள் குழுவுக்கும் இப்படி ஒரு பட்டியல் வேண்டுமென்றால், எங்கள் பெயர்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மதுரையில் தெளிவாக ஒலிப்பது யாழ்ப்பாணத்தில் வேறு சொல்லோடு மோதக்கூடும். ஆனால் சோதிக்கும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரை வெவ்வேறு அறைகளில் உட்காரவைத்து, மலிவான கைப்பேசியில், மின்விசிறியை ஓடவிட்டு, குறிகள் நிறைந்த வரி ஒன்றை ஒருவர் சொல்ல மற்றவர் எழுதட்டும். சொல்பவர் சாதாரண வேகத்தில் சொல்லவேண்டும், எந்தப் பெயரையும் அழுத்திச் சொல்லக்கூடாது. எழுதுபவர் "என்ன சொன்னீங்க?" என்று எந்தப் பெயரில் கேட்கிறாரோ, அது எவ்வளவு அழகான பெயராக இருந்தாலும் அடித்துவிட்டு வேறு பெயர் தேடுங்கள். பிறகு புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரிடம் பட்டியலை ஒரு முறை மட்டும் படித்துக்காட்டி, மறுநாள் அதே சோதனையை அவரைக் கொண்டு செய்யுங்கள். மறுநாள் அவர் நினைவில் நிற்காத பெயர்களுக்கு விசைப்பலகையில் ஒரு சிறு ஒட்டுத்தாள் தேவைப்படும். எங்களுக்கு அப்படித் தேவைப்பட்டவை 'முக்கால்', 'மூலை' என்ற இரண்டு மட்டுமே.